தவளை அவருக்கு, தேரை எனக்கு

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில், எனக்கு எதிரே, நல்ல உயரமும் பருமனுமான ஒரு மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பச்சை பெயின்ட் அடித்த சோடா மூடி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "இப்ப பாருங்கண்ணே, தாவுறத!" என்று கத்தினார்.

மூடி தாவியது. அதோடு அவர் தோற்றார்.

அன்று காலையிலிருந்து அவர் தோற்றுக்கொண்டேதான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் என் மனைவி பவானி நெற்றியில் அடித்துக்கொண்டாள். தோற்றது அவர். அவள் அடித்துக்கொண்டது எனக்காக.

சுப்-சாப் அண்ணா

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணக் கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பவானி சொன்னாள்: "இதுல எழுதுனதுல கால்வாசிய வாயால பேசியிருந்தா நான் இன்னும் ரெண்டு கிலோ கூடியிருப்பேன்." கூடத்தான் இருக்கிறாள். அதை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

நான் ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் துவைத்து, காயவைத்து, தேய்த்துக் கொடுக்கும் பிரிவு. நாள் முழுக்க மெஷின் ஓடும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. எனக்காகவே யாரோ யோசித்துச் செய்த வேலை போல இருக்கும்.

கூட வேலை செய்யும் பெங்காலிப் பையன்களும் தெலுங்குப் பையன்களும் என்னை 'சுப்-சாப் அண்ணா' என்பார்கள். சுப்-சாப் என்றால் இந்தியில் சத்தமே காட்டாமல் இருப்பது. முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். இப்போது சம்பளம் போடும் மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒரு தடவை வெளியூர் அம்மா ஒருவர் தங்கியிருந்த காட்டேஜில், குளியலறைக்குள் தவளை வந்துவிட்டது. ரிசப்ஷனில் ஆள் இல்லை என்று என்னை அனுப்பினார்கள். அந்த அம்மா கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டார். நான் நேராகக் குளியலறைக்குப் போய்த் தவளையிடம், "வாடா, வெளிய போவோம், இங்க சோப்புதான் இருக்கு" என்று சொல்லி, மக்கில் பிடித்து எடுத்து வந்தேன். மறுநாள் அந்த அம்மா மேனேஜரிடம், "உங்கள் ஆள் மனிதர்களிடம் பேச மாட்டாரா?" என்று கேட்டாராம்.

தவளையோடு எனக்குப் பழக்கம் அதிகம். நான் வளர்ந்தது போர்ட் பிளேர் பக்கம், சிப்பிகாட் என்ற ஊரில். அப்பாவுக்கு அங்கே பண்ணையில் வேலை. மழை விட்டதும் வயல் முழுக்கத் தவளைகள் கத்தும். அவ்வளவு சத்தத்தில் வீட்டில் நான் பேசாததை யாரும் கவனிக்கவில்லை. பிறகு சுனாமியில் கடல் உள்ளே வந்தது. வயலில் உப்புத் தண்ணீர் நின்றது, வடியவே இல்லை. அடுத்த மழைக்கு ஊரே அமைதியாக இருந்தது. அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்து, "ஏன்டா, நீயாவது ஏதாவது பேசேன்" என்றாள். அதன்பிறகு வேலை தேடி ஹேவ்லாக் வந்தேன். சரி, எங்கேயோ போய்விட்டேன்.

பார்க்க வந்தது யாரை

எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் கருப்பையா. போர்ட் பிளேரில், லம்பா லைன் என்ற பகுதியில் வீடு. கட்டட காண்ட்ராக்டர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். அவருடைய மகன் சதீஷ் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருக்கிறான். என் மகள் சுதா இங்கே ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். இருவருக்கும் எப்படிப் பழக்கம் என்று நான் கேட்கவில்லை. பவானி கேட்டாள். "போட்லதாம்மா" என்றாள் சுதா. இங்கே எல்லாமே போட்டில்தான்.

பிள்ளைகள் முடிவு செய்தாகிவிட்டது. பெரியவர்கள் பார்த்துப் பேச வேண்டியதுதான் பாக்கி. கருப்பையாவும் அவர் மனைவி பாக்கியம் அக்காவும் காலை போட்டில் வந்து, சாயங்கால போட்டில் திரும்புவதாக ஏற்பாடு. பையனுக்கு டியூட்டி, வரவில்லை.

கேசரியைக் கையில் வாங்கியதுமே கருப்பையா விஷயத்தை உடைத்தார்.

"அண்ணே, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். பொண்ணப் பாக்க நாங்க வரல. பொண்ணு தங்கம்னு பையன் சொல்லிட்டான், அவ்ளோதான், முடிஞ்சது. நான் பாக்க வந்தது உங்களத்தான். சம்பந்தம்னா ரெண்டு அப்பனுங்களும் மனசு விட்டுப் பழகணும். மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குற வீட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். எங்க பெரியவனுக்கு அப்டித்தான் ஆச்சு. அவன் மாமனாரு நம்மகிட்ட ரெண்டு வார்த்த பேச மாட்டாரு. பண்டிகைக்கு அங்க போகவே பிடிக்கல."

பவானி என்னைப் பார்த்தாள். சுதா என்னைப் பார்த்தாள். பாக்கியம் அக்காவும் பார்த்தார்.

நான் சொன்னேன்: "ஆமா."

"என்ன ஆமா?"

"இல்ல... ஆமா."

அவர் மெயின்லேண்டில் எங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ரிசார்ட்டில் எத்தனை ரூம் என்றார். சொன்னேன். இந்த வருடம் டூரிஸ்ட் எப்படி என்றார். "வர்றாங்க" என்றேன். பிறகு கேசரியில் இருந்த முந்திரியை இருவரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மனதில் பேச்சு இல்லாமல் இல்லை. வரிசையாக வந்து நிற்கிறது. வாசலில் இடம் இல்லாமல் நெருக்கிக்கொண்டு ஒன்றும் வெளியே வருவதில்லை.

சாயங்காலம் பெரியவர்கள் நான்கு பேரும் படகு ஏறும் ஜெட்டிக்குப் போனோம். கடல் கறுத்துக் கிடந்தது. கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "மௌசம் கராப் ஹை. போட் பந்த்" என்றார். வானிலை மோசம், படகு கிடையாது. எப்போது விடுவார்கள் என்று கேட்டதற்குக் கையை மேலே காட்டினார். கடவுளைக் காட்டினாரா மேகத்தைக் காட்டினாரா தெரியவில்லை.

வந்தவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தோம். சில மணி நேரம் எப்படியாவது தள்ளிவிடலாம் என்றிருந்தவன் நான். இப்போது கணக்கே தெரியாத நேரம் முன்னால் கிடந்தது.

பின்பக்கக் குழாய்

மறுநாள் காலை, வீட்டின் பின்பக்கம் ஒழுகாத குழாய் ஒன்றை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே கருப்பையாவின் குரல். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பாக்கியம், இந்தாளுக்கு நம்மளப் பிடிக்கல போல. நான் ரூமுக்குள்ள வந்தா அவரு வெளிய போறாரு. நான் வெளிய வந்தா கொல்லைக்குப் போறாரு. இப்ப ஸ்பேனர எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

"கூச்ச சுபாவமா இருக்கும்ங்க."

"அரே, அம்பது வயசு ஆம்பளைக்கு என்ன கூச்சம்? இது மண்டக்கனம். போட் வரட்டும், போய் சதீஷ்கிட்ட பேசுவோம். வேற எடம் பாப்போம்."

நான் திரும்பினேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் சுதா நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் கோபம்தான் இருந்தது.

"ப்பா. அவங்க அப்பா சம்மதம் இல்லாம வேணாம்னு சதீஷ்ட்ட சொன்னதே நான்தான். நீ பேசவே வேணாம். அவரு கூட ஒரு எடத்துல உக்காரு, போதும். அதுக்கு ஒரு வழி பண்றேன்."

பத்து நிமிடத்தில் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பிளைவுட் பலகையை எடுத்துவந்து முன்னறையில் போட்டாள்.

எல்.கே.ஜி. ஆட்டம்

அது சுதா தன் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்தது. பலகையில் மூன்று வரிசைக் கட்டங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பக்கம் தவளைகள், பச்சை மூடிகள். எதிர்ப் பக்கம் தேரைகள், பழுப்பு மூடிகள். நடுவில் கொஞ்சம் காலி இடம். எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் இரண்டு கண்கள்.

விதி இவ்வளவுதான். ஒரு முறைக்கு ஒரு காய். முன்னால் கட்டம் காலியாக இருந்தால் ஓரடி வைக்கலாம். முன்னால் எதிரி ஒருவன் நின்று, அவனுக்குப் பின்னால் காலியாக இருந்தால் தாண்டிக் குதிக்கலாம். பின்னால் போகக் கூடாது. பக்கத்து வரிசைக்குப் போகக் கூடாது. எந்தக் காயையும் நகர்த்த முடியாமல் யார் முழிக்கிறாரோ அவர் தோற்றார்.

"இது சின்னப் புள்ளைங்க ஆட்டமாச்சேம்மா" என்றார் கருப்பையா. சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தவள. தேரை வேணாம். தேரை விழுந்தா தேங்கால தண்ணியே இருக்காதும்பாங்க. ராசியில்லாத பய."

எனக்குத் தேரை. நான் ஒன்றும் சொல்லவில்லை. தேரையும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். பவானி என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"என்னங்க, புத்தி இருக்கா? பொண்ணக் குடுக்கப் போற எடத்துல ஜெயிச்சு வைப்பாங்களா? தோத்துட்டு வாங்க."

இரண்டாவது ஆட்டத்தில் தோற்பதற்காகவே ஆடினேன். ஜெயித்தேன்.

வாசகர்கள் நம்ப மாட்டீர்கள். கருப்பையாவிடம் தோற்பது சாமானியமான காரியம் இல்லை. தாண்ட வாய்ப்புக் கிடைத்தால் உடனே தாண்டிவிடுவார். யோசிக்கவே மாட்டார். இந்த ஆட்டத்தில் தாண்டுவது பார்க்கத்தான் அழகு. தவளை தாண்டிப் போனதும் அது நின்ற இடம் காலியாகிறது. அதுவரை அடைபட்டுக் கிடந்த தேரைக்கு வழி கிடைக்கிறது. நான் எவ்வளவு முட்டாள்தனமாக நகர்த்தினாலும் அவர் ஒரு கத்துக் கத்தி, ஒரு தாவுத் தாவி, எனக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடுவார். காண்ட்ராக்டர் அல்லவா.

"ஒன்ஸ் மோர்!" என்பார். அடுக்குவோம். வாய் ஓயாது. மகன் பிறந்த கதை, சிமென்ட் மூட்டை மழையில் நனைந்த கதை, முதன்முதலில் கப்பலில் வந்தபோது நாள் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே வந்த கதை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தாவல். நான் கேட்டுக்கொண்டே ஜெயித்தேன்.

"பேசாம பேசாம இருந்து கழுத்த அறுக்குறாரும்மா உங்க அப்பா" என்று சுதாவிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மதியச் சாப்பாட்டில் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை. பவானி அதைக் கவனித்தாள். ரசத்தை எனக்கு ஊற்றும்போது கரண்டி தட்டில் கொஞ்சம் பலமாகவே பட்டது.

கிளம்பும் நாள்

அதற்கு அடுத்த நாள் மழை விட்டது. மதியத்துக்கு மேல் போட் விடுவார்கள் என்று தகவல் வந்தது. பாக்கியம் அக்கா புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜிப் போடும் சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் பிரிவில் மெஷின் கடைசிச் சுற்று முடிந்து நிற்பது போல இருந்தது.

கருப்பையா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பலகை முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணே, கடைசியா ஒண்ணு. ஒரு ஆட்டமாவது ஜெயிக்காம நான் கப்பலேறுனா நல்லா இருக்காது."

எனக்கும் நல்லா இருக்காது என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டினேன்.

அடுக்கினால், பச்சை மூடிகளில் சில குறைந்தன. காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து விளையாடிவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தவளை என்றால் ஆசை. தேரையை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

"அதுக்கென்ன" என்று எழுந்து போன கருப்பையா, தென்னை மரத்தடியிலிருந்து சின்னச் சின்னச் சங்குகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"உள்ள பாத்தீங்களா மாமா?" என்றாள் சுதா. இந்தத் தீவில் காலிச் சங்கு என்று எதையும் நம்ப முடியாது. சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் எங்கள் வாசலில் எறும்பு மாதிரி நடமாடும். ஆள் தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடக்கும்.

"அரே, இந்தத் தீவுல நான் தலை நரைச்சவன்மா. குலுக்கிப் பாத்துட்டேன். எல்லாம் காலி."

ஆட்டம் தொடங்கியது. இந்த முறை தோற்றே தீருவது என்று நான் உறுதியாக இருந்தேன். தாண்டக் கூடாத இடத்தில் தாண்டினேன். முன்னால் வைக்கக் கூடாத காயை வைத்தேன். அவரும் பலகையை ஓங்கித் தட்டித் தட்டித் தாவினார். கடைசியில் பார்த்தால், என் தேரை ஒன்றுக்கு இன்னும் ஒரு காலிக் கட்டம் இருந்தது. அவருடைய தவளைகள் எல்லாம் அடைபட்டுக் கிடந்தன. அவர் முறை. நகர்த்த ஒன்றும் இல்லை.

மறுபடியும் ஜெயித்துவிட்டேன். பவானி கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

கருப்பையா பலகையையே பார்த்தார். தட்டவில்லை. கத்தவில்லை. கதை சொல்லவில்லை. அவர் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அப்போதுதான். வீடு முழுக்க அமைதி. வெளியே கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

அந்த அமைதியில், நடு வரிசையில் இருந்த ஒரு தவளைக்குக் கால் முளைத்தது.

முதலில் ஒரு சிவப்புக் கொடுக்கு. பிறகு மீசை. சங்கு மெல்ல எழும்பி, அக்கம் பக்கம் பார்த்து, பக்கவாட்டில் நடந்தது. அடுத்த வரிசைக்குப் போனது. என் தேரைக்கென்று மிச்சமிருந்த அந்த ஒரே காலிக் கட்டத்தில் போய், வசதியாக உட்கார்ந்துகொண்டது.



"நகந்துருச்சு!" கருப்பையா துள்ளி எழுந்தார். "பாக்கியம், பாத்தியா! என் தவள நகந்துருச்சு! என் மொறைலதான நகந்துச்சு? அப்ப என் ஆட்டம் ஆச்சு. இப்ப உங்க மொறைண்ணே, நகத்துங்க பாப்போம். எடமே இல்ல! ஜெயிச்சுட்டேன்!"

இரண்டு நாளாக நான் வேண்டிக்கொண்ட தோல்வி. நண்டு ரூபத்தில் வந்திருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சும்மா இருப்பது. அதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை இந்த உலகத்தில் இல்லை. பவானி கண்ணாலேயே கெஞ்சினாள். சுதா உதட்டில் விரல் வைத்தாள்.

எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பலகையை ஓங்கித் தட்டினேன்.

"அது செல்லாது சம்பந்தி! பக்கத்து வரிசைக்குப் போகக் கூடாதுன்னு ரூல் இருக்கா இல்லையா? நண்டு ஆடுறதெல்லாம் ஆட்டமா? அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. நண்டு சங்குக்குள் போய்விட்டது.

பாக்கியம் அக்கா பையோடு அறை வாசலில் நின்றிருந்தார். பவானி தலையில் கை வைத்தாள்.

கருப்பையா மெதுவாக உட்கார்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"பக்கத்து வரிசைக்கு... போகக் கூடாதுன்னு." குரல் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

"அது கெடக்கட்டும். என்னைய என்னன்னு கூப்ட்டீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வந்ததிலிருந்து நான் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் தட்டு மாற்றவில்லை, சரியென்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் நானாக உறவைப் பிடித்து இழுத்து வந்து, அதை வைத்தே அவரை அழுகுணி என்றும் சொல்லியிருந்தேன்.

 பலகையைப் பார்த்துக்கொண்டு, "சம்பந்தின்னு..." என்றேன்.

"சத்தமா."

"சம்பந்தின்னு சொன்னேன்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பாக்கியம், கேட்டியா? நம்ம மேல கோவப்படுறாருடி!" அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காருன்னு பாத்தேன். மனுசன் உள்ள இருந்துருக்காரு!"

"நான் நேத்தே சொன்னேன்ல" என்றார் பாக்கியம் அக்கா. பையைக் கீழே வைத்தார்.

கருப்பையா அந்தச் சங்கை இரண்டு விரலால் எடுத்து, வாசற்படிக்கு வெளியே பத்திரமாக இறக்கிவிட்டு வந்தார்.

"சரி சம்பந்தி. செல்லாதுன்னே வச்சுக்குவோம். அடுக்குங்க மறுபடியும்."

"மாமா, போட்டுக்கு நேரமாச்சு" என்றாள் சுதா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு நின்றாள்.

"போட் நாளைக்கும் வரும்மா. ஒங்கப்பா இப்பத்தான் வாயத் தொறந்துருக்காரு."

நான் அடுக்கினேன். அடுப்படியிலிருந்து பவானி எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. இந்த முறை நான் விட்டுக்கொடுக்க முயற்சி செய்யவில்லை.